எண்ணெயைத் திருப்பி அனுப்பும் ரப்பர் உதடு

திருப்பூர் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "என்னுடைய 125 சிசி பைக்கை இரவில் நிறுத்துமிடத்தில் காலையில் எண்ணெய்ப் பொட்டு தெரிகிறது. மெக்கானிக், எஞ்சினைப் பிரிக்க வேண்டியிருக்கும் என்கிறார். காணொளிகளில் வீட்டிலேயே செய்துவிடலாம் என்கிறார்கள். நான் யார் பேச்சைக் கேட்பது?"

இருவர் சொல்வதும் சரியாக இருக்கலாம். எண்ணெய் எந்த இடத்திலிருந்து வருகிறது என்பதைப் பொறுத்தே விடை அமையும். இந்த அளவு எஞ்சின்களில் மொத்தமே ஏறத்தாழ ஒரு லிட்டர் எண்ணெய்தான் இருக்கிறது என்பதால், சிறிய கசிவையும் நெடுநாள் பொறுத்துக்கொள்ள முடியாது. முதலில் டிப் ஸ்டிக்கில் அளவைப் பாருங்கள். பிறகு எஞ்சினை டீசல் தொட்டுத் துடைத்து, நன்றாக உலரவிட்டு, சந்தேகமான இடங்களில் முகப்பவுடரைத் தூவி, சிறிது தூரம் ஓட்டிவிட்டு வந்து பாருங்கள். ஓடும்போது காற்று எண்ணெயைப் பின்னோக்கி இழுத்துச் செல்லும். அதனால் சொட்டும் இடம் வேறாகவும் கசியும் இடம் வேறாகவும் இருப்பதே வழக்கம். பவுடரில் முதலில் ஈரமாகும் இடம்தான் ஊற்றுக்கண். ஈரம் பிரேக் டிஸ்க்கிலோ பின் டயரிலோ இருந்தால் வண்டியை எடுக்காமல் மெக்கானிக்கை வீட்டுக்கு அழைப்பதே நல்லது.

கசியும் இடங்கள் இரு வகைப்படும். எண்ணெயை வடிக்கக் கழற்றும் டிரெய்ன் போல்ட், எஞ்சின் தலைப்பகுதியில் உள்ள டாப்பெட் கவர், கிளட்ச் கவர் போன்றவை அசையாத இணைப்புகள். இங்கே இரு உலோகப் பரப்புகளின் நுண்ணிய மேடுபள்ளங்களுக்கிடையே வாஷரோ பேக்கிங்கோ நசுங்கி உட்கார்ந்து வழியை அடைக்கிறது, அவ்வளவுதான். பொறுமையும் சரியான ஸ்பேனரும் உள்ள எவரும் இதைச் செய்யலாம். கெடுப்பது பெரும்பாலும் முரட்டுத்தனம்தான். டிரெய்ன் போல்ட்டுக்குச் சொல்லப்படும் முறுக்கம் பெரும்பாலும் 25 நியூட்டன் மீட்டரை ஒட்டியே இருக்கும். அதாவது 25 சென்டிமீட்டர் நீள ஸ்பேனரின் நுனியில் 10 கிலோ எடையைத் தொங்கவிட்டால் போதும். அதற்குமேல் உடல் பலத்தைக் காட்டினால் அலுமினிய மரை உரிந்துபோகும். அதேபோல, பேக்கிங்குக்குப் பதிலாகச் சிலிக்கோன் பசையை அள்ளிப் பூசினால், உள்ளே பிதுங்கிய பகுதி பிய்ந்துபோய் எண்ணெய் வடிகட்டியை அடைக்கும்.

இரண்டாவது வகை, சுழலும் தண்டு எஞ்சினின் சுவரைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும் இடம். செயின் ஸ்பிராக்கெட் மாட்டியிருக்கும் தண்டும், மேக்னெட் (மின்சாரம் உண்டாக்கும் காந்தச் சக்கரம்) பக்கத்துக் கிராங்க் தண்டும் (பிஸ்டன் சுழற்றும் முதன்மைத் தண்டு) இப்படிப்பட்டவை. இங்கேதான் ஆயில் சீல் வேலை செய்கிறது. உலோக வளையத்தில் வார்த்த ரப்பர் உதடு ஒன்று தண்டை மெல்லத் தழுவியிருக்கும். அதன் முதுகில் ஒரு சுருள் ஸ்பிரிங் இருக்கும். ஜெர்மனியின் வைன்ஹைம் நகரத்தில் தோல் பதனிடும் நிறுவனமாகத் தொடங்கிய ஃபிராய்டன்பெர்க், 1930களில் இத்தகைய சீல்களை முதலில் தோலிலும் பிறகு செயற்கை ரப்பரிலும் செய்தது.

ரப்பர் இறுக்கிப் பிடித்திருப்பதால் எண்ணெய் நிற்கிறது என்று நினைக்கத் தோன்றும். கணக்கு அதை ஏற்பதில்லை. 25 மில்லிமீட்டர் விட்டமுள்ள தண்டு நிமிடத்துக்கு 6,000 சுற்று சுழன்றால், அதன் பரப்பு நொடிக்கு ஏறத்தாழ 8 மீட்டர் வேகத்தில் உதட்டைத் தேய்த்துக்கொண்டு போகும். உலர்ந்த ரப்பர் அந்தத் தேய்ப்பில் விரைவிலேயே கருகிவிடும். உண்மையில், தண்டு சுழலும்போது உதடு அதைத் தொடுவதே இல்லை. இரண்டுக்கும் இடையே ஒரு மெல்லிய எண்ணெய்ப் படலம் இருக்கிறது என்று 1957-இல் பிரிட்டிஷ் ஆய்வாளர் ஜாகர் காட்டினார். படலத்தின் தடிமன் ஒரு மைக்ரோமீட்டர் அளவில், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கை ஒட்டி இருக்கும். அப்படியானால் எண்ணெய் வெளியேற வழி திறந்தே இருக்கிறது. இருந்தும் ஏன் ஒழுகுவதில்லை?

நல்ல சீல் எண்ணெயைத் தடுப்பதோடு நிற்காமல், அதைத் திருப்பி உள்ளே தள்ளவும் செய்கிறது. உதட்டின் இரு பக்கச் சரிவுகளைக் கவனித்தால் எண்ணெய்ப் பக்கம் செங்குத்தாகவும் காற்றுப் பக்கம் சாய்வாகவும் இருப்பது தெரியும். இதனால் உதடு தண்டின்மேல் தரும் அழுத்தம், எண்ணெய்ப் பக்கத்து விளிம்பை ஒட்டி உச்சம் பெற்று, காற்றுப் பக்கமாக மெல்லக் குறைகிறது. தண்டு சுழலும்போது ரப்பரின் பரப்பைத் தன்னோடு இழுக்கிறது; அழுத்தம் உச்சமான இடத்தில் இழுப்பும் அதிகம். அதனால் உதட்டுப் பரப்பில் உள்ள நுண்ணிய மேடுகள் சாய்ந்த வரிகளாக வளைகின்றன. உச்சத்திலிருந்து எண்ணெய்ப் பக்கம் குட்டையான வரியும், காற்றுப் பக்கம் நீண்ட வரியும் உண்டாகின்றன. களத்தில் காயும் நெல்லைப் பலகையைச் சாய்த்துப் பிடித்து இழுத்தால் நெல் பக்கவாட்டில் ஒதுங்கும் அல்லவா, அதுபோல ஒவ்வொரு வரியும் எண்ணெயை ஒதுக்குகிறது. இரு வரிகளும் எதிரெதிரே தள்ளினாலும் நீண்டது வெல்கிறது; காற்றுப் பக்கம் வந்த எண்ணெய் மீண்டும் எஞ்சினுக்குள் போய்ச்சேர்கிறது. தண்டு எதிர்த்திசையில் சுழன்றால் வரிகளும் எதிராகச் சாய்ந்துகொள்ளும். எண்ணெய் அப்போதும் உள்ளேதான் போகும். ஓடும் சீலின் வெளிப்புறத்தில் ஒரு துளி எண்ணெய் விட்டால் அது உறிஞ்சப்பட்டுவிடும். சீலைத் திருப்பி மாட்டினாலோ, அதே இயக்கம் எஞ்சினின் எண்ணெயை முனைப்போடு வெளியேற்றும். இத்தனை நுட்பம் ஒரு சிறு ரப்பர் வளையத்தில் அடங்கியிருப்பதை எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

இது விளங்கினால் வீட்டு வேலையின் விதிகளும் விளங்கும். ஸ்பிரிங் தெரியும் பக்கம் எண்ணெயை நோக்கியிருக்க வேண்டும். உலர்ந்த உதடு முதல் சுற்றுகளிலேயே கருகும் என்பதால் அதில் எண்ணெய் தடவ வேண்டும். தண்டின் பற்கள் உதட்டைக் கீறாதிருக்க மெல்லிய பிளாஸ்டிக் தாளைச் சுற்றி, அதன்மேல் வழுக்கி ஏற்ற வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, உப்புத்தாள் கொண்டு தண்டைப் பளபளப்பாக்கும் ஆசையைக் கைவிட வேண்டும். சுற்றிக்கொண்டே நகர்த்தித் தேய்த்தால் கண்ணுக்குத் தெரியாத திருகு மரை உருவாகி, உதட்டின் உழைப்பைத் தோற்கடித்து எண்ணெயை வெளியே ஏற்றும். தொழிற்சாலையில் தண்டைத் தீட்டும்போது இத்தகைய திருகு வரிகள் விழாதபடி பார்த்துக்கொள்வதும் இதற்காகத்தான்.

கசிவை நிறுத்தும் மருந்து என்று விற்கப்படும் புட்டிகளைப் பற்றியும் சிலர் கேட்கிறார்கள். அவற்றில் பல, ரப்பரை ஊதவைத்து மென்மையாக்கும் வேதிப்பொருள்கள். வெப்பத்தில் இறுகிப்போன சீல் அதனால் சில காலம் இணங்கலாம். பள்ளம் விழுந்த தண்டையோ கிழிந்த உதட்டையோ எந்தப் புட்டியும் சரியாக்காது. வண்டியில் எலுமிச்சை கட்டுவதாவது எஞ்சினுக்குள் இறங்கித் தீங்கு செய்யாது.

உராய்வையும் தேய்மானத்தையும் கவனித்தாலே ஆண்டுக்கு 51.5 கோடி பவுண்டு மிச்சமாகும் என்று 1966-இல் பொறியாளர் பீட்டர் ஜாஸ்ட் தலைமையிலான குழு பிரிட்டிஷ் அரசுக்குக் கணக்கிட்டுச் சொன்னது. தெருவெங்கும் இருசக்கர வண்டி ஓடும் நம் நாட்டில், ராக்கெட்டுக்குக் கிடைக்கும் கைதட்டலில் ஒரு சிறு பங்காவது இந்தத் துறை ஆய்வுகளுக்கும் நிதியாகக் கிடைக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

திருப்பூர் நண்பருக்கு: சீல் வாங்கும் முன், எஞ்சினின் உள்காற்றை வெளியே விடும் பிரீதர் குழாய் மடங்கியோ அடைத்தோ இருக்கிறதா என்று பாருங்கள். உள்ளே காற்றழுத்தம் ஏறினால் புதிய சீலும் ஒழுகும். குழாய் சரியாக இருந்து, கசிவு டிரெய்ன் போல்ட்டிலோ டாப்பெட் கவரிலோ இருந்தால் நீங்களே செய்யுங்கள். ஸ்பிராக்கெட் தண்டின் சீல் பல பைக்குகளில் வெளியிலிருந்தே கழற்றக்கூடியது, அதையும் முயலலாம். ஆனால் பழைய சீலை எடுத்ததும் தண்டின்மேல் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் பள்ளத்தில் தடுக்கினால் அங்கேயே நிறுத்திவிட்டுப் பட்டறைக்குப் போங்கள். கிராங்க் தண்டின் சீல் என்றால் மேக்னெட்டைக் கழற்ற அதற்குரிய புல்லர் என்ற இழுப்புக் கருவி வேண்டும். அது கையில் இல்லாதவர் சுத்தியலைத் தொடாமல் மெக்கானிக்கிடமே விட்டுவிடலாம்.