டிரேஸ்: தமிழ்ல தடம்னே சொல்லலாம்

சிமுலேஷன் எழுதுறவங்க கிட்ட ரிசல்ட் தப்பா வருதுன்னு போனா முதல்ல கேக்குறது "டிரேஸ் போட்டு பாத்தியா?"ன்னுதான். நியூட்ரான் கருவிகள கம்ப்யூட்டர்லயே கட்டிப் பாக்குற மெக்ஸ்டாஸ்ங்கற மென்பொருள்ல, ஒவ்வொரு நியூட்ரானும் எங்க கிளம்பி எதுல பட்டு எந்தப் பக்கம் திரும்புச்சுங்கறத கோடா வரைஞ்சு காட்டுற வேலைக்குத்தான் இந்தப் பேரு.

சொல்லோட வேர் லத்தீன்ல, டிராஹெரேன்னா இழுக்கறது, அது பழைய பிரெஞ்சு வழியா இங்கிலீஷுக்கு வந்துச்சு. நாமளும் கோடு இழுன்னுதான சொல்றோம், அதே இழுதான். பாதைக்கு இங்கிலீஷ்ல இருக்குற இன்னொரு சொல்லான டிராஜெக்டரி வேற, அதுக்கு வேர்ல 'அந்தப் பக்கம் எறிஞ்சது'ன்னு அர்த்தம், அதனால எறிபாதைங்கற சொல் அதுக்குச் சரியா உக்காருது.

டிரேஸுக்கு சுவடுன்னு போடலாமேன்னு சிலர் சொல்றாங்க, எனக்கு ஒப்பல. சுவடுன்னா போன பிறகு மிஞ்சி நிக்கறது. நியூட்ரானுக்கு மின்னூட்டமே கிடையாது, அதனால துகள் போன வழிய மெல்லிசான மேகக் கோடா காட்டுற முகில் அறையில எலக்ட்ரான் மாதிரி தானா கோடு போடாது, 1932ல சாட்விக்ங்கற விஞ்ஞானி அத கண்டுபிடிச்சதே அது மோதித் தள்ளிவிட்ட புரோட்டான வச்சுத்தான். நம்ம கல்பாக்கத்துல இருக்குற காமினி அணு உலையில நியூட்ரான வச்சு பொருளோட உள்பக்கத்த படம் எடுக்கறாங்க, அங்கயும் வந்து விழுந்த இடம்தான் படத்துல தெரியும், வந்த வழி தெரியாது. வழிய கண்ணால பாக்கணும்னா சிமுலேஷன்லதான் முடியும்.

அதனால என் ஓட்டு தடத்துக்கு. நம்ம ஊரு பஸ்ஸுக்கு தடம் எண் 29சின்னு சொல்றோம்ல, பெரம்பூர்ல ஏறி பெசன்ட் நகர் வரைக்கும் ஒவ்வொரு ஸ்டாப்பா போற வழி, அந்தத் தடம். மெக்ஸ்டாஸ் ஃபைல்லயும் டிரேஸ்ங்கற பகுதியிலதான் நியூட்ரான் கிளம்புற மூலம், வழிகுழாய், அத திருப்புற படிகம், வந்து சேர்றத எண்ணுற டிடெக்டர்னு வரிசையா எழுதுவோம், நியூட்ரான் அந்த வரிசையிலயே போகும். கால் பட்ட அடையாளத்துக்கும் தடம்னு சொல்றதுண்டு, போலீஸ்காரங்களும் அந்த மாதிரி தடத்த வச்சுத் தேடுவாங்க, அதனால பிழை தேடுற வேலைக்கும் இந்தச் சொல் ஒட்டிக்குது.

போன மாசம் எனக்கே ஒண்ணு நடந்துச்சு. பத்து லட்சம் நியூட்ரான் விட்டேன், ஒரு எர்ரரும் இல்ல, ஆனா டிடெக்டர்ல எண்ணிக்கை பூஜ்யம். ரெண்டு நாள் நம்பரையே முறைச்சுப் பாத்துட்டு கடைசியில நூறே நூறு நியூட்ரானுக்கு தடம் வரையச் சொன்னேன், கோடெல்லாம் படிகம் வரைக்கும் ஒழுங்கா வந்து அங்க திரும்பி டிடெக்டர் பெட்டிக்குப் பக்கத்துல வெறும் வெளியில போயிட்டு இருந்துச்சு. படிகத்த 20 டிகிரி திருப்பியிருந்தேன், டிடெக்டரையும் மூலத்துலேர்ந்து அதே 20 டிகிரியில வச்சிருந்தேன், ஆனா கண்ணாடிய திருப்பினா வெளிச்சம் ரெண்டு மடங்கு திரும்புற மாதிரி இங்கயும் கற்றை 40 டிகிரியில போகும். அந்த ஒரு எண்ண மாத்தினதும் டிடெக்டர்ல எண்ணிக்கை ஏற ஆரம்பிச்சுது.

இப்போ எங்க டீம்ல "தடம் போட்டியா?"ன்னே கேக்கறோம், புதுசா வந்த பசங்களுக்குக்கூட விளக்கம் சொல்லாமலே புரிஞ்சுடுது.