ஆட்டுப் புழு மருந்தும் வெள்ளணுவின் வலையும்

மேலூர்ப் பக்கம் ஆடு வளர்க்கும் வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: “ஆட்டுக்குக் குடற்புழு நீக்கக் கொடுக்கிறோமே லெவாமிசோல், அதைக் கொகைனில் கலக்கிறார்களாமே, நிஜமா?”

நிஜம்தான். 2009இல் அமெரிக்காவில் பிடிபட்ட கொகைனில் சுமார் 70 விழுக்காட்டில் அது இருந்தது. மலிவான வெள்ளைத் தூள், பார்வைக்கு வித்தியாசம் தெரியாது. ஆட்டின் வயிற்றில் அது புழுவின் தசையை இறுக்கி முடக்கும்; பிடிமானம் இழந்த புழு புழுக்கையோடு விழுந்துவிடும். ஒரு காலத்தில் மனிதருக்கும் கொடுத்தார்கள். வெள்ளணுக்கள் சரிந்ததால் பல நாடுகளில் நிறுத்திவிட்டார்கள்.

கலப்படம் இல்லாத கொகைனே மூக்கின் நடுச்சுவரை ஓட்டையாக்கும், நோய் எதிர்ப்பையும் குலைக்கும். அதெல்லாம் பலரும் எழுதியதுதான். எனக்குப் பிடித்தது நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுவின் கதை.

மேலூர்க் கண்மாய்கள் வற்றும்போது நடக்கும் மீன்பிடித் திருவிழாவைப் பார்த்திருப்பீர்கள். அங்கே வலை வீசுபவர் பத்திரமாகக் கரையேறிவிடுவார். நியூட்ரோஃபிலுக்கு அந்த வசதி இல்லை; அது தன்னையே பிரித்து வலையாக்குகிறது. அதன் எலாஸ்டேஸ் என்ற நொதி உட்கருவுக்குள் புகுந்து, சுருட்டி வைத்திருந்த டி.என்.ஏ.வின் முடிச்சுகளைத் தளர்த்தும். உட்கருவின் உறை கிழியும், பிறகு அணுவின் தோலும் கிழியும். ஏறக்குறைய 2 மீட்டர் நூல், நொதிகள் ஒட்டியபடி வெளியே சிதறும். கிருமிகள் அதில் சிக்கும். அணு பெரும்பாலும் இறந்துபோகும். 2004இல் பெர்லினில்தான் இதைக் கண்டுபிடித்தார்கள். சாகிற அணுவை வேடிக்கை பார்க்க எதற்குப் பணம் என்று நம்மூர் மானியக் குழு கேட்டிருக்கும் என்பது என் சந்தேகம்.

லெவாமிசோல் கலந்த தூளை இழுப்பவரிடம் கிருமியே இல்லாமல் வலை விரிகிறது. உள்ளே அடைந்துகிடக்க வேண்டிய எலாஸ்டேஸ் வெளியே கிடப்பதைப் பார்த்து, உடல் அதை அந்நியன் என்று நினைத்து எதிர்ப்பொருள் தயாரிக்கிறது. அந்த எதிர்ப்பொருள் நல்ல நியூட்ரோஃபிலையும் சீண்டும். இன்னும் வலை, இன்னும் எதிர்ப்பொருள். ரத்தக் குழாய்கள் வீங்கி அடைபடுகின்றன. காது மடலில் நாவல் பழ நிறத்தில் திட்டுகள் வருகின்றன, ஓரம் கறுக்கிறது. இதைக் கண்ணேறு என்று மிளகாய் சுற்றிப்போட்டுக் காலம் கடத்துபவர்களும் இருப்பார்கள். அதற்குள் காய்ச்சலும் தொண்டைப் புண்ணும் வந்துவிடும், காரணம் ரத்தத்தில் நியூட்ரோஃபில் ஏறக்குறைய காலியாகியிருக்கும்.

தூளை நிறுத்தினால் பெரும்பாலும் ஓரிரு வாரத்தில் எண்ணிக்கை மீள்கிறது. மறுபடி இழுத்தால் மறுபடி சரியும். உங்கள் ஆடுகளைப் பற்றிக் கவலை வேண்டாம், அளவு மட்டும் கால்நடை மருத்துவர் சொன்னதாக இருக்கட்டும்.