பழைய கார்: துரு எங்கே தொடங்குகிறது?

கதவின் கீழ் விளிம்பில் பெயின்ட் லேசாக உப்பியிருந்தால், துரு இப்போதுதான் எட்டிப்பார்க்கிறது என்று தோன்றும். பெரும்பாலும் அது உண்மையில்லை. ஜன்னல் ரப்பர் வழியாகக் கதவுக்குள் இறங்கிய தண்ணீர் அடியில் தேங்கி, உள்பக்கமிருந்து தகட்டை அரித்து, கடைசியில்தான் வெளிப் பெயின்ட்டைத் தள்ளியிருக்கும். காரின் வெளித்தகடு பொதுவாக 0.7 அல்லது 0.8 மில்லிமீட்டர் தடிமன்தான். உப்பிய இடத்தைக் கட்டைவிரலால் அழுத்தும்போது அது உள்ளே போனால், அங்கே தகடென்று ஒன்று மிச்சமில்லை.

அதனால் பழைய காரைக் காப்பாற்ற நினைப்பவர் பார்க்க வேண்டியது பளபளக்கும் பக்கத்தை அல்ல, கண்ணில் படாத பக்கத்தை. இதற்கு வேதியியலில் தெளிவான காரணம் இருக்கிறது.

துருப்பிடிப்பது ஒரு மின்வேதி வினை. ஈரமான தகட்டில் ஓரிடத்தில் இரும்பு அணுக்கள் எலெக்ட்ரான்களை விட்டுவிட்டு அயனிகளாகத் தண்ணீரில் கரைகின்றன. அது ஆனோடு. அந்த எலெக்ட்ரான்கள் தகட்டின் வழியாகவே இன்னோரிடத்துக்குப் போகின்றன. அங்கே ஆக்சிஜனும் தண்ணீரும் அவற்றை வாங்கிக்கொண்டு ஹைட்ராக்சைடு அயனிகளாக மாறுகின்றன. அது கேத்தோடு. இரண்டுக்கும் நடுவே தண்ணீர்ப் படலம் அயனிகளைக் கடத்தி மின்சுற்றை முடித்துவைக்கிறது. தண்ணீர் இல்லையென்றால் சுற்று இல்லை. உப்பு கலந்தால் கடத்தல் கூடி வேலை வேகமாக நடக்கும்.

சரி, தகட்டில் எந்த இடம் கரையும்? கேம்பிரிட்ஜில் உலோக அரிப்பை ஆராய்ந்த யூலிக் எவன்ஸ் 1920களில் இதைக் கண்ணால் பார்க்கும்படி காட்டினார். சுத்தமான எஃகின்மேல் ஒரு சொட்டு உப்புத் தண்ணீர். அதில் இரண்டு நிறங்காட்டிகள்: இரும்பு அயனி பட்டால் நீலமாகும் பொட்டாசியம் ஃபெர்ரிசயனைடு, காரத்தன்மை வந்தால் இளஞ்சிவப்பாகும் ஃபீனால்ஃப்தலீன். கொஞ்ச நேரத்தில் சொட்டின் ஓரம் முழுக்க இளஞ்சிவப்பு, நடுவில் நீலம். ஓரத்தில் தண்ணீர் மெல்லியது, காற்றிலிருந்து ஆக்சிஜன் எளிதாக இறங்குகிறது, அங்கே கேத்தோடு. ஆக்சிஜன் குறைவாக எட்டும் நடுப்பகுதிதான் கரைந்துகொண்டிருக்கிறது. பழுப்புத் துருவோ இரண்டுக்கும் இடையே ஒரு வளையமாகப் படிகிறது. அதாவது, துரு தெரியும் இடமும் இரும்பு காணாமல்போகும் இடமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை.

இந்தச் சொட்டை மனதில் வைத்துக்கொண்டு காரின் அடியில் குனிந்து பார்த்தால் எல்லாம் புரியும். இரண்டு தகடுகளைச் சேர்த்துப் பற்றவைத்த மடிப்பு, மட்கார்டின் உள்விளிம்பில் ஒட்டிக்கிடக்கும் சேறு, கதவுகளுக்குக் கீழே நீளமாக ஓடும் பெட்டி வடிவச் சட்டம், தரைவிரிப்புக்கு அடியில் காயாத பஞ்சு: எல்லாமே அந்தச் சொட்டின் நடுப்பகுதி மாதிரிதான். ஈரம் போகாது, ஆக்சிஜன் சரியாக வராது. அங்கே உண்டாகும் துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைக்கும். அதனால் மடிப்பு விரியும், இன்னும் தண்ணீர் நுழையும்.

மழையில் நனைந்து உடனே காய்ந்துவிடும் காருக்கு ஆபத்து குறைவு. எவ்வளவு நேரம் ஈரமாகவே இருக்கிறது என்பதுதான் கணக்கு. சுத்தமான இரும்புகூடக் காற்றின் ஈரப்பதம் சுமார் 60 சதவீதத்தைத் தாண்டினால் துருப்பிடிக்கத் தொடங்கும். கடல் உப்பிலும், பனிச்சாலைகளில் தெளிக்கும் உப்பிலும் இருக்கும் மக்னீசியம் குளோரைடோ 33 சதவீத ஈரப்பதத்திலேயே காற்றிலிருந்து தண்ணீரை இழுத்துக்கொள்ளும். மழையே இல்லாத நாளிலும் உப்புப் படிந்த தகடு ஈரமாக இருப்பது இதனால்தான். நனைந்த காரைக் கதகதப்பான, காற்றோட்டமில்லாத ஷெட்டில் பூட்டிவைப்பது வெளியே நிறுத்துவதைவிட மோசம்.

இன்றைய கார்களுக்கு, தகட்டின்மேல் பூசிய துத்தநாகம் துணை நிற்கிறது. அதன் மின்முனை மின்னழுத்தம் −0.76 வோல்ட், இரும்புக்கு −0.44; எண் எவ்வளவு கீழே போகிறதோ அவ்வளவு எளிதாக உலோகம் எலெக்ட்ரான்களை விட்டுவிடும். கீறல் விழுந்தாலும் முதலில் கரைவது துத்தநாகம்தான். போர்ஷே 911 இந்த வழிக்கு 1970களின் நடுவிலேயே வந்துவிட்டது. விலையைக் குறைத்தே ஆக வேண்டியிருந்த பழைய சின்ன கார்கள் பலவற்றுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அவற்றுக்குப் பெயின்ட்டும் நம் கவனிப்பும்தான் காவல்.

முதல் வேலைக்குக் காசே வேண்டாம். கதவின் அடியிலும் அந்தப் பெட்டிச் சட்டங்களின் அடியிலும் தண்ணீர் வடிய சின்னத் துளைகள் இருக்கும். இலைச் சருகும் மண்ணும் அவற்றை அடைத்துவிடும். பிளாஸ்டிக் கட்டுப்பட்டையின் நுனியை விட்டுக் குத்தினால் சில சமயம் பழுப்புத் தண்ணீர் ஓடிவரும். அவ்வளவு நாளும் அது உள்ளே கிடந்திருக்கிறது. முன்கண்ணாடிக்குக் கீழே சேரும் சருகையும் அள்ளிவிடுங்கள். மட்கார்டின் உள்விளிம்பை விரலால் தடவிச் சேற்றைக் கழுவுங்கள்.

மேலாகப் படிந்த துருவைக் கம்பி பிரஷ்ஷாலும் உப்புத்தாளாலும் தேய்த்து, செதில் உதிர்வது நின்றபின் துரு மாற்றி பூசலாம். அதிலிருக்கும் பாஸ்பாரிக் அமிலம் மிச்சத் துருவை இரும்பு பாஸ்பேட்டாகவும், டானிக் அமிலம் கருநிற டானேட்டாகவும் மாற்றும். தடித்த செதிலின்மேல் பூசினால் மேல்தோல் மட்டும் மாறும், அடியில் துரு தொடரும். பலர் பிரைமர் அடித்துவிட்டு அப்படியே வாரக்கணக்கில் ஓட்டுகிறார்கள். சாதாரண பிரைமர் நுண்துளைகள் கொண்டது, ஈரத்தை உள்ளே விடும். மேல் பெயின்ட் அடித்தால்தான் வேலை முடிந்தது. ஓட்டை விழுந்த இடத்தைப் பட்டி வைத்து மூடுவதும் வீண். பட்டி தண்ணீரை உறிஞ்சும். சட்டத்திலேயே ஓட்டை என்றால் வெட்டியெடுத்துப் புதுத் தகடு பற்றவைப்பதைத் தவிர வழியில்லை. காரின் பலமே அந்தச் சட்டத்தில் இருக்கிறது.

காருக்கு மின்சாரம் கொடுத்துத் துருவைத் தடுப்பதாகச் சொல்லி விற்கும் சின்னப் பெட்டிகளை வாங்காதீர்கள். கப்பலுக்கும் மண்ணில் புதைத்த குழாய்க்கும் அந்த முறை நன்றாகவே வேலை செய்கிறது, ஏனென்றால் அவற்றைச் சுற்றிலும் கடல்நீரோ ஈர மண்ணோ இடைவிடாமல் இருக்கிறது. காரிலோ ஈரம் அங்கங்கே திட்டுத் திட்டாகத்தான் இருக்கும். சுற்று முழுமையாகாது.

அந்தக் காசுக்கு மெழுகு வாங்கலாம். நீளக் குழாய் வழியாகச் சட்டங்களுக்குள்ளும் கதவுக்குள்ளும் தெளிக்கும் மெழுகு, மடிப்புகளுக்குள் ஊர்ந்து போய்த் தண்ணீர் நுழைய இடமில்லாமல் செய்யும். உள்ளே நன்றாகக் காய்ந்திருக்கும் வெயில் நாளில் தெளிப்பது முக்கியம். சூட்டில் மெழுகும் எளிதாகப் பரவும். அடிப்பாகத்துக்கு அடிக்கும் கெட்டியான தார்ப்பூச்சு எனக்கு ஒப்பாது. வருடங்கள் போனால் அது இறுகி வெடிக்கும், வெடிப்பில் நுழைந்த ஈரம் வெளியே வராது, துருவும் கண்ணுக்குத் தெரியாது. மெழுகு மென்மையாகவே இருப்பதால் சின்னக் கீறலைத் தானே மூடிக்கொள்ளும். தேய்ந்த இடத்தில் மறுபடி தெளித்தால் போதும். தெளித்து முடித்ததும் வடிகால் துளைகளை இன்னொரு முறை குத்திப் பாருங்கள், வழிந்த மெழுகு அவற்றை அடைத்திருக்கும்.