ரேஞ்ச்: வளையத்தில் பிறந்த சொல்

"மச்சி, ரேஞ்சுல இல்ல, இன்னும் கிட்டப் போ." விண்கல விளையாட்டில் கூட்டாகச் சண்டைக்குப் போகிறவர்கள் காதில் மாட்டிய மைக்கில் ஒரு ராத்திரியில் இருபது தடவையாவது இதைச் சொல்வார்கள். அடுத்த மூச்சிலேயே "ரேஞ்ச் எவ்ளோ?" என்று ஒருவன் கேட்பான், "பதினெட்டு" என்று பதில் வரும். முதலில் வந்த ரேஞ்ச், நம் பீரங்கிக்கு எட்டும் அளவு. இரண்டாவது, எதிரி நிற்கும் தூரம். ஆங்கிலம் இரண்டையும் ஒரே சொல்லில் அடக்கி வைத்திருக்கிறது. தமிழுக்கு அந்த நெருக்கடி இல்லை என்பதுதான் இங்கே சொல்ல வந்தது.

முதலில் சொல்லின் பிறப்பு. பழைய பிரெஞ்சில் வரிசைக்கு, குறிப்பாகப் படை வரிசைக்கு, வழங்கிய சொல்லிலிருந்து ரேஞ்ச் ஆங்கிலத்துக்கு வந்தது. அந்த பிரெஞ்சுச் சொல்லுக்கு மூலம் பழைய பிராங்கிய மொழியின் 'ஹ்ரிங்'. பொருள், வட்டம். விரலில் போடும் 'ரிங்', பள்ளிக்கூட 'ரேங்க்' இரண்டும் இதன் ஒன்றுவிட்ட சகோதரர்கள். வட்டம் வரிசையாகி, வரிசை பரப்பாகி, பதினாறாம் நூற்றாண்டின் கடைசியில் குண்டு போய் விழும் தொலைவையும் இந்தச் சொல்லே குறிக்கத் தொடங்கியது. 1940இல் அமெரிக்கக் கடற்படை ஆக்கிய 'ரேடார்' என்ற சுருக்கப் பெயரின் கடைசி எழுத்தும் இதுதான்: தூரம் அளப்பதைக் குறிக்கும் 'ரேஞ்சிங்'. கப்பல் ரேடார் திரையில் நடுப்புள்ளியைச் சுற்றி ஒன்றுக்குள் ஒன்றாக வளையங்கள் தெரியுமே, அங்கே போய் இந்தச் சொல் தன் பழைய வட்டத்துக்கே திரும்பிவிட்டது.

விளையாட்டுத் திரைகளில் நாம் பார்ப்பதும் அதே வளையங்கள்தான். ஐஸ்லாந்தின் சிசிபி நிறுவனம் உருவாக்கி 2003 மே மாதம் வெளிவந்த 'ஈவ் ஆன்லைன்' விளையாட்டை எடுத்துக்கொள்வோம். கண்ட்ரோல் விசையோடு டி (D) விசையை அழுத்தினால் 'டாக்டிகல் ஓவர்லே' விரியும். வியூக மேலடுக்கு என்று சொல்லலாம். நம் கலம் நடுவில், அதைச் சுற்றி கிலோமீட்டர் குறித்த வளையங்கள். மேலேயும் கீழேயும் மிதக்கும் ஒவ்வொரு கலத்திலிருந்தும் அந்தத் தளத்துக்கு ஒரு மெல்லிய கோடு இறங்கும். ஆயுதப் பொத்தான் மேல் சுட்டியைக் கொண்டுபோனால் அது எட்டும் இடம் வரை ஒளிப்பரப்பு தெரியும். கடலில் வளையம் போதும். விண்ணில் மேலும் கீழும் உண்டு என்பதால் இது கோளம். ஆகவே தட்டையாக வரைந்ததை வீச்சு வளையம் என்றும், உருண்டையாக வரைந்ததை வீச்சுக் கோளம் என்றும் பிரித்துச் சொல்வதே சரி.

எட்டும் அளவைச் சொல்லும் ரேஞ்சுக்கு ஏன் வீச்சு? 'வீசு' என்ற வினையிலிருந்து வந்தது. கையை விட்டுப் போவது எவ்வளவு தூரம் போகும் என்ற எண்ணம் அதிலேயே இருக்கிறது. (வீச்சரிவாளும் வீச்சு பரோட்டாவும் இதே குடும்பம், பரோட்டா மாஸ்டரின் கைக்கும் ஒரு வீச்சு உண்டு, கிட்டே நின்றவர்களுக்குத் தெரியும்.) பத்தாம் வகுப்புப் புள்ளியியலில் பெரிய மதிப்பிலிருந்து சிறியதைக் கழித்தால் கிடைப்பதும் வீச்சுதான், சார்புகள் பாடத்தில் அது வீச்சகம். வேறு இடங்களில் ரேஞ்ச் வேறு உடை போட்டுக்கொள்ளும்: மலைக்கு மலைத்தொடர், காட்டுக்கு வனச்சரகம், காவல்துறைக்குச் சரகம். "அவன் ரேஞ்சே வேற" என்பதில் இருக்கும் ரேஞ்சுக்கு 'தரம்', 'லெவல்' எல்லாம் கிட்ட வரும், முழுசாகப் பொருந்தாது. அதை விட்டுவிடுவோம்.

சிலர் 'எல்லை' என்று எழுதுகிறார்கள், சிலர் 'வரம்பு' என்கிறார்கள். எனக்கு இரண்டும் ஒட்டவில்லை. எல்லைக்கல்லும் வயல் வரம்பும் மண்ணில் ஊன்றி நிற்பவை. வீச்சோ கலம் நகர்ந்தால் கூடவே நகரும். இன்னொன்று, எல்லையைத் தாண்டினால் தாண்டியதுதான், இங்கே அப்படியில்லை. ஈவ் பீரங்கிகளுக்கு இரண்டு அளவு: 'ஆப்டிமல்' என்கிற உகந்த வீச்சு, 'ஃபால்ஆஃப்' என்கிற தேய்வு வீச்சு. உகந்தது 10 கி.மீ., தேய்வு 5 கி.மீ. என்று வையுங்கள். தூரத்தை மட்டும் கணக்கில் கொண்டால், 10 வரை குறி தப்பாது. 15இல் இரண்டுக்கு ஒரு குண்டுதான் படும். 20இல் பதினாறுக்கு ஒன்று. கோடு போட்டு நிறுத்தாமல் மெல்லத் தேய்கிற இதை எல்லை என்று எப்படிச் சொல்வது?

நிற்கும் இடத்துக்குத் தூரம் அல்லது தொலைவு, போய்ச் சேரும் அளவுக்கு வீச்சு. இப்படிப் பிரித்துக்கொண்டாலே பாதிக் குழப்பம் தீரும். நம் ஊரில் தூரத்தையே எட்டுவதை வைத்து அளந்தவர்கள்தானே நாம்? கூப்பிடு தூரம், கல்லெறி தூரம், கண்ணுக்கெட்டிய தூரம்.

இந்தப் பிரிவினையை நான் கற்றது ஒரு கலத்தைப் பறிகொடுத்துத்தான். எதிரி தப்பியோடாமல் பிடித்து வைக்க 'வார்ப் டிஸ்ரப்டர்' என்று ஒரு கருவி. என்னிடம் இருந்தது முதல் ரகம், 20 கி.மீ. எட்டும். எதிரி 22இல் நின்றான். திரையில் என் கோளத்துக்கு வெளியே அவன் இருந்ததைப் பார்த்து "ரேஞ்சுல இல்ல" என்று நிம்மதியாக ஏவுகணை மாற்றிக்கொண்டிருந்தேன். அவனிடம் இருந்தது இரண்டாம் ரகம், 24 கி.மீ. திரை வரைவது நம் வீச்சை மட்டும், அவன் வீச்சை அல்ல. கலம் வெடித்த பிறகுதான், "ரேஞ்சுல இல்ல" என்றேனே, யாருடைய ரேஞ்சில் என்று எனக்கே கேட்கத் தோன்றியது.

சண்டை நடுவில் 'வீச்சுக்கு அப்பால்' என்று யாரும் மைக்கில் சொல்லப்போவதில்லை, அவ்வளவு நேரமும் இல்லை. அதற்கு 'எட்டு' என்ற வினையே போதும். எங்கள் குழுவில் இப்போது வழங்குவது இப்படி: "இருபத்திரண்டுல நிக்கிறான். எனக்கு எட்டல, அவனுக்கு எட்டும்."