பிரீஸ்கேலர் என்னும் முன்வகுப்பி

துடிப்புகளை எண்ணும் சுற்றான 'எண்ணி'க்கு முன்னால் நின்று, வரும் துடிப்புகளை ஒரு நிலையான எண்ணால் வகுத்து அனுப்பும் சுற்றுக்குப் பிரீஸ்கேலர் என்று பெயர். வகுஎண் 64 என்றால், 64 துடிப்புகள் உள்ளே போய் ஒன்று வெளியே வரும். நுண்கட்டுப்படுத்தி வைத்து வீட்டிலேயே செய்த அதிர்வெண் எண்ணி சில மெகாஹெர்ட்ஸோடு நின்றுவிடுகிறதே, அந்த எல்லையைத் தாண்ட வைப்பது இதுதான்.

எல்லை எங்கிருந்து வருகிறது? ஏடிமெகா328பி என்ற நுண்கட்டுப்படுத்தி, வெளித் துடிப்புகளை எண்ணும் உள்ளீடான தன் டி1 காலில் வரும் சமிக்ஞையைத் தன் சொந்தக் கடிகாரத்தால் மாதிரி எடுத்துப் பார்க்கிறது. ஒரு துடிப்பின் மேல்நிலையும் கீழ்நிலையும் தனித்தனியே ஒரு கடிகாரச் சுற்றைவிட நீளமாக இருந்தால்தான் அது கண்ணில் படும். ஆகவே கடிகாரத்தில் பாதிக்கு மேல் எண்ணவே முடியாது. பாதுகாப்பாகக் கடிகாரத்தை 2.5-ஆல் வகுக்கச் சொல்கிறது அதன் விவரத்தாள் (டேட்டாஷீட்): 16 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டலுக்கு 6.4 மெகாஹெர்ட்ஸ்.

சொல்லின் முன்பாதியில் சிக்கல் இல்லை. 'பிரீ' லத்தீன் முன்னொட்டு, 'முன்' என்று பொருள். பின்பாதியில்தான் பலர் வழுக்குகிறார்கள். 'ஸ்கேல்' என்றதும் அளவுகோல் நினைவுக்கு வந்து 'முன்னளவி', 'முன் அளவுமாற்றி' என்றெல்லாம் எழுதிவிடுகிறார்கள். இங்கே அந்த ஸ்கேல் அளவுகோல் அல்ல. ஏணியைக் குறிக்கும் லத்தீன் 'ஸ்காலா'விலிருந்து வந்து, கணிதத்தில் எண்முறையின் அடிமானத்தைக் குறித்த சொல் அது. 'ஸ்கேல் ஆஃப் டூ' என்றால் இரண்டடிமானம். 1932-இல் கேம்பிரிட்ஜின் கேவண்டிஷ் ஆய்வகத்தில் வின்-வில்லியம்ஸ் கதிர்வீச்சுத் துகள்களை எண்ண தைராட்ரான் என்னும் வாயு நிரப்பிய மின்குழல்களால் ஒரு சுற்றைக் கட்டினார். இயந்திர எண்ணியால் துகள்கள் வந்துவிழும் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியவில்லை. அதனால் இரண்டு துடிப்புக்கு ஒன்று, அதிலும் இரண்டுக்கு ஒன்று எனக் குறைத்துக் கொடுத்தார். அத்தகைய சுற்று 'ஸ்கேலர்' ஆனது. எண்ணிக்கு முன் வைத்தது பிரீஸ்கேலர். மின்குழல் போய்ச் சில்லு வந்தும் வேலை மாறவில்லை.

வேலை வகுத்தல் என்பதால், தமிழில் 'முன்வகுப்பி' என்பதே பொருந்தும். ஒலிபெருக்கி, மின்தேக்கி, கடத்தி போல இகர ஈற்றில் கருவிப் பெயர் அமைவது நமக்குப் பழகிய வழக்கம். 'வகுத்தி' வேண்டாம், அது வகுக்கும் எண்ணின் பெயர். சுற்று முன்வகுப்பி, அதன் எண் வகுஎண்.

இந்தப் பெயர் ஒரு நல்ல கேள்வியையும் கூடவே கொண்டுவருகிறது. வகுத்தால் ஈவும் மீதியும் வருமே, ஈவு நுண்கட்டுப்படுத்திக்குப் போகிறது, மீதி எங்கே போகிறது? அது முன்வகுப்பிக்குள்ளேயே தங்கிவிடுகிறது. 64-ஆல் வகுத்து ஒரு விநாடி எண்ணினால் திரையின் கடைசிப் படி 64 ஹெர்ட்ஸ் ஆவது இதனால்தான்.

மீதியை மீட்க வழி உண்டு. பிஐசி16எஃப்628ஏ என்ற நுண்கட்டுப்படுத்தியின் டைமர்0 என்னும் எண்ணிக்கு முன்னால் 8 பிட் முன்வகுப்பி உள்ளேயே இருக்கிறது. 10 நானோ விநாடி மேல்நிலை, 10 நானோ விநாடி கீழ்நிலை போதும், அதாவது 50 மெகாஹெர்ட்ஸ். ஆனால் அதன் உள்ளடக்கத்தை நிரலால் படிக்க முடியாது. சமிக்ஞையை 470 ஓம் வழியாக டைமர்0-இன் உள்ளீடான டி0சிகேஐ காலுக்குக் கொடுத்து, அதே காலோடு இன்னொரு காலையும் இணையுங்கள். இரண்டாம் கால் உள்ளீடாக இருக்கும்வரை எண்ணிக்கை ஓடும். அதை வெளியீடாக்கிக் கீழே இழுத்தால் துடிப்புகளை உள்ளே விடும் வாயில், அதாவது கேட், மூடும். பிறகு அந்தக் காலை மேலும் கீழும் ஆட்டி, டைமர்0 ஒன்று கூடும்வரை துடிப்புகளை எண்ணுங்கள். 256-ஆல் வகுக்கும்போது 56 துடிப்பு தேவைப்பட்டால் மீதி 200. ஒவ்வொரு துடிப்புக்குப் பின்னும் சில கட்டளைச் சுற்றுகள் காத்திருந்தே டைமரைப் படிக்க வேண்டும். அவசரப்பட்டால் மீதி ஒன்றிரண்டு தவறும். ஏடிமெகா328பி சேர்ந்த ஏவிஆர் குடும்பத்தில் இந்த வித்தை பலிக்காது. அங்கே முன்வகுப்பி என்பது உள்கடிகாரத்துக்கு மட்டுமானது. டி1 காலில் வருவதை அது தொடாது.

ஏவிஆர்க்கு வெளியே 74எச்சி393 என்ற எண்ணிச் சில்லை வைத்தால் அதன் எட்டு வெளியீடுகளும் கைக்கு எட்டும். கேட்டை மூடி, அலை எட்டு நிலைகளையும் கடந்து அடங்கச் சற்றுப் பொறுத்து, எட்டு பிட்களையும் படித்தால் அதுவே மீதி. 4.5 வோல்ட்டில் அது உறுதியளிப்பது சுமார் 30 மெகாஹெர்ட்ஸ்.

நூறு மெகாஹெர்ட்ஸுக்கு மேல் எம்பி506, எம்சி12080 போன்ற முன்வகுப்பிச் சில்லுகள்தான். அவற்றின் மீதியை எட்டவே முடியாது, ஆகவே கேட் திறந்திருக்கும் நேரத்தை வகுஎண்ணோடு பொருத்துங்கள். 64-க்கு 0.64 விநாடி. 16 மெகாஹெர்ட்ஸில் டைமர்2-ஐ 1024-ஆல் வகுத்து 250 வரை எண்ணவிட்டால் 16 மில்லி விநாடி. அது 40 முறை நடந்தால் 0.64 விநாடி. 100 மெகாஹெர்ட்ஸ் வந்தால் சரியாக 10,00,000 எண்ணப்படும். ஒவ்வொன்றும் 100 ஹெர்ட்ஸ், பெருக்கலே வேண்டாம். 80-க்கு 50 முறை, 256-க்கு 160 முறை. வகுஎண்ணைத் தேர்வதிலும் கவனம் வேண்டும்: 1.1 கிகாஹெர்ட்ஸை 80-ஆல் வகுத்தால் 13.75 மெகாஹெர்ட்ஸ் வெளிவரும், ஏவிஆர் தாங்காது. பின்னால் 74எச்சி74 என்ற ஃபிளிப்-ஃபிளாப் சில்லை வைத்து மேலும் நாலால் வகுக்க வேண்டும். அப்போது வகுஎண் 320, கேட் 200 முறை.

கோளாறுகளில் முதலாவது, உள்ளீட்டில் எதுவும் இல்லாதபோதும் திரையில் பெரிய எண் ஓடுவது. சில்லு பழுதில்லை, உணர்திறன் மிகுந்த உள்ளீடு தானே அலைகிறது. பயன்படாத உள்ளீட்டுக் காலிலிருந்து தரைக்குச் சில பத்து கிலோ ஓம் போட்டால் அடங்கும், உணர்திறன் சற்றுக் குறையும். இரண்டாவது, சில்லின் வெளியீடு ஏறத்தாழ 1 வோல்ட் ஆடுவது. 5 வோல்ட் ஏவிஆர் உள்ளீட்டுக்கு அது போதாது. 100 நானோ ஃபாரட் வழியாக, உள்ளீடு-வெளியீட்டுக்கிடையே 1 மெகா ஓம் இட்ட 74எச்சியு04 இன்வெர்ட்டர் ஒன்றுக்குக் கொடுத்து உயர்த்துங்கள். மூன்றாவது, குறைந்த அதிர்வெண் சைன் அலை. அதன் விளிம்பு சாய்வாக ஏறுவதால் சில்லு ஒரே விளிம்பைப் பலமுறை எண்ணிவிடும். எம்சி12080-க்கு 100 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே சைன் அலை கொடுக்காமல் இருப்பதே நல்லது.

64-க்கான அமைப்பில் அளவு திடீரென 6.5536 மெகாஹெர்ட்ஸ் குறைந்து மீண்டால் சில்லைக் கழற்ற வேண்டாம். 16 பிட் டைமர் நிரம்பி வழிந்த ஒரு தடவை நிரலில் விட்டுப்போயிருக்கிறது. 100 மெகாஹெர்ட்ஸ் 98.46 என்று காட்டினாலோ, 64/65 என இரண்டு வகுஎண் கொண்ட முன்வகுப்பியின் கட்டுப்பாட்டுக் கால் அதை 65-இல் நிறுத்தியிருக்கிறது.