சிவப்பு ஒயில் செய்யும் வேலை

கல்லடிப் பக்கம் ஒரு கராஜ். பெரியப்பாவின் 1982ஆம் ஆண்டு மெர்சிடிஸ் 240டி காருக்கு அடியில் படுத்திருந்த மெக்கானிக் அண்ணன், விரலில் இரண்டு சொட்டு கியர் ஒயிலைத் தொட்டு வெளியே நீட்டினார். "மணந்து பாருங்க தம்பி." கருகிய பாண் மணம். புது ஒயில் நல்ல சிவப்பு. இதுவோ பிளேன் டீ நிறத்தில் இருந்தது.

கியர் ஒயில் என்றால் பற்சக்கரம் தேயாமல் காப்பது என்றுதான் நினைத்திருந்தேன். தானாகக் கியர் மாற்றும் ஓட்டோமெட்டிக் கியர்ப் பெட்டியில் அது சில்லறை வேலை. கிளட்ச் மிதி இல்லாத காரில் எஞ்சினையும் கியரையும் இணைப்பதே ஒயில்தான். இரண்டு சிரட்டைகளை வாயோடு வாய் வைத்து, உள்ளே தகடுகள் பொருத்தி, ஒயில் நிரப்பியதாக நினையுங்கள். ஒன்று எஞ்சினோடு சுழலும். அது வீசியடிக்கும் ஒயில் மற்றதைச் சுழற்றும். நடுவே ஸ்டேட்டர் என்றொரு சிறு சக்கரம், திரும்பி வரும் ஒயிலை எஞ்சின் சுழலும் பக்கமாகவே திருப்பிவிடும். கார் புறப்படும்போது முறுக்குவிசை, அதாவது சுழற்றும் பலம், ஏறத்தாழ இரண்டு மடங்காவது இதனால்தான். இந்த உருண்டைதான் டோர்க் கன்வேர்ட்டர்.

கியர் மாற்றுவதும் ஒயில்தான். அந்தக் காலப் பெட்டியில் கணினி ஏது? காரின் வேகத்தோடு கூடும் ஒயில் அழுத்தம் ஒரு வால்வை ஒரு பக்கத்தில் தள்ளும். எஞ்சின் சுமையோடு கூடும் அழுத்தம் எதிர்ப்பக்கத்தில் தள்ளும். இரண்டு கடாக்கள் முட்டுவது மாதிரி. வேகத்தின் பக்கம் வென்றால் வால்வு நகர்ந்து, பெட்டிக்குள் அடுத்த கியரைப் பிடிக்கும் கிளட்ச் தகடுகளுக்கு ஒயில் பாயும்.

இவ்வளவு வேலையில் சூடு வராமல் இருக்குமா? பதுளை வீதியில் பிபிலை தாண்டி ஏறும்போது கன்வேர்ட்டருக்குள் நழுவும் சக்தியெல்லாம் சூடாகி ஒயிலில்தான் சேர்கிறது. ரேடியேட்டருக்குள் ஓடும் ஒரு குழாயில் அது ஆறும். அந்தக் குழாய் ஓட்டையானால் தண்ணீர் கலந்து ஒயில் பலூடா நிறத்துக்கு வந்துவிடும். அப்புறம் செலவுதான்.

சேர்விஸுக்கு வருவோம். பெட்டியின் அடித்தட்டைக் கழற்றினால் பாதி ஒயில்தான் வரும், மீதி கன்வேர்ட்டருக்குள் இருக்கும். நல்லவேளை, இந்தக் காரில் கன்வேர்ட்டருக்கும் வடிகால் ஆணி உண்டு. அது கீழே வரும்வரை எஞ்சினைக் கையால் சுற்ற வேண்டும். தட்டின் அடியில் மெல்லிய சாம்பல் நிறச் சேறு இருந்தால் பயமில்லை. மினுங்கும் உலோகத் துண்டோ கருஞ்செதிளோ கிடந்தால் பெட்டியையே பிரிக்க வேண்டிவரும். எங்களுக்குச் சேறு மட்டும்தான். பில்டரையும், தட்டின் விளிம்பில் ஒழுகாமல் அடைக்கும் கெஸ்கட்டையும் மாற்றி, தட்டின் ஆணிகளை மெதுவாகத்தான் இறுக்கினார். பலத்தைக் காட்டினால் கெஸ்கட் பிதுங்கி ஒழுகும்.

பழைய பெட்டிக்குப் புது ஒயில் விட்டால் கியர் நழுவும் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. நழுவிய பெட்டிகள் இருக்கத்தான் செய்கின்றன. ஆனால் பெரும்பாலும் அவற்றின் கிளட்ச் தகடுகள் ஏற்கெனவே தேய்ந்து முடிந்தவை. பழி புது ஒயில்மேல் விழுகிறது.

போன வருடம் நான் செய்த பிழையும் அன்றுதான் வெளியே வந்தது. ஒயில் சூடானால் விரியும். அதனால் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, கியர் 'பி'யில் (பார்க்கிங்) இருக்க, ஒயில் 80 பாகை செல்சியஸ் அளவுக்குச் சூடான பிறகே மட்டம் பார்க்க வேண்டும். நான் காலையில் குளிர்ந்த ஒயிலைப் பார்த்து, குறைவு என்று அரை லீட்டர் ஊற்றியிருந்தேன். மட்டம் கூடினால் சுழலும் பாகங்கள் ஒயிலைக் கடைந்து நுரையாக்கும். ஒயிலை அமுக்க முடியாது, காற்றை அமுக்கலாம். நுரை புகுந்தால் அழுத்தம் விழுந்து கிளட்ச் நழுவும், கருகும்.

கல்முனை வரை ஓடித் திரும்பி வந்து, மட்டம் பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கை இழுத்தேன். துடைக்கப் பழைய சாரன் துண்டை எடுத்ததும் அண்ணன் கையைப் பிடித்துவிட்டார். "நூல் உள்ள போனா வால்வு இறுகிடும் தம்பி, கடதாசியால துடைங்க."