ஊதியமா, இழப்பீடா?

ஆங்கிலத்தில் ‘காம்பன்சேஷன்’ என்று கண்டவுடன் ‘இழப்பீடு’ என்று எழுதிவிடும் பழக்கம் நம் மொழிபெயர்ப்பாளர்களிடம் வேரூன்றிவிட்டது. அமெரிக்காவின் மேய்ன் மாநிலச் சட்டமன்றத்தில் பழங்குடிப் பிரதிநிதிகளுக்குத் தரப்படும் பணத்தையும் ‘நியாயமான இழப்பீடு’ என்று எழுதினால், பொருள் அடியோடு மாறிவிடுகிறது.

மூலச் சொல் இலத்தீன். இரண்டை ஒருங்கே நிறுத்துச் சரிக்கட்டுவது என்பது அதன் பொருள். பறிபோனதற்கு ஈடு, பார்த்த வேலைக்குக் கூலி என்னும் இரண்டையும் ஆங்கிலம் இந்த ஒரே சொல்லால் குறிக்கிறது. தமிழில் அவை வெவ்வேறு. இழப்பீடு என்பது இழப்புக்கு ஈடு. சாலைக்காக நிலம் பறிகொடுத்தவரும் விபத்தில் கால் இழந்தவரும் பெறுவது அது.

மேய்ன் பழங்குடிகளின் வரலாற்றில் உண்மையான இழப்பீடு ஒன்று இருப்பதால்தான் இந்தக் குழப்பம் பொறுக்கமுடியாததாகிறது. அமெரிக்க நாடாளுமன்றத்தின் ஒப்புதலின்றிப் பழங்குடி நிலத்தை யாரும் வாங்கக்கூடாது என்ற 1790ஆம் ஆண்டுச் சட்டத்தை மீறி, பாசமக்வாடி, பெனாப்ஸ்காட் என்னும் மேய்ன் பழங்குடி மக்களின் நிலங்கள் கைமாறின. அதன்பேரில் எழுந்த வழக்கு, 1980இல் கூட்டரசின் தீர்வுச் சட்டத்தில் 8.15 கோடி டாலராக முடிந்தது. அதற்குப் பெயர் இழப்பீடு. சட்டமன்றத்துக்கு வந்து வேலை பார்ப்பவரின் சம்பளத்துக்கும் அதே சொல்லை வைத்தால், நிலத்துக்கு ஈடு வாங்கியவர்கள் மறுபடியும் கேட்கிறார்கள் என்றுதான் தமிழ் வாசகர் எண்ணுவார்.

சிலர் ‘மதிப்பூதியம்’ என்கிறார்கள், அதுவும் பொருந்தாது. சொற்பொழிவாற்ற வந்தவருக்கு மரியாதைக்காகக் கொடுப்பது மதிப்பூதியம். அதை யாரும் உரிமையாகக் கேட்பதில்லை. இப்பிரதிநிதிகளுக்கு அவையில் வாக்கு இல்லை என்பது உண்மையே. ஆனால் அவர்கள் மசோதா கொண்டுவருகிறார்கள், குழுக்களில் அமர்கிறார்கள், அவையில் பேசுகிறார்கள். 1941இல் அவையிலிருந்து அகற்றப்பட்டு 1975இல்தான் மீண்டும் இடம்பெற்ற அவர்களைக் கௌரவ விருந்தினராக்கும் சொல்லை நாம் ஏன் தேர்ந்தெடுக்கவேண்டும்?

‘படி’ என்பதும் கூடாது. பயணப்படி, உணவுப்படி என்பவை செலவை ஈடுகட்டுபவை. வருகை தந்த நாளுக்கு இவ்வளவு என்று அவர்களுக்குக் கணக்கிட்டுக் கொடுத்துவந்த பழைய முறையில் இருந்த குறையே இதுதான்: அவை கூடாத நாளில் மசோதாவைப் படிப்பதும், தம் மக்களிடம் எடுத்துரைப்பதும் வேலையாகக் கருதப்படவில்லை.

ஆகவே சரியான சொல் ஊதியம். ‘ஈதல் இசைபட வாழ்தல் அதுவல்லது ஊதியம் இல்லை’ என்ற குறளில் அது பேறு, ஆதாயம் என்னும் பொருளில் நிற்கிறது. இன்று உழைப்பால் வரும் பேறாகச் சுருங்கி நிலைத்துவிட்டது. சம்பளம் வடசொல் என்று ஒதுக்குவோருடன் எனக்கு உடன்பாடில்லை. பேச்சில் அது தாராளமாக வழங்கட்டும், சட்ட வாசகத்தில் ஊதியம் என்று எழுதலாம். மற்ற உறுப்பினர்களுக்கு ஒப்பாகத் தருவதைக் குறிக்கும்போது ‘நியாயமான’ என்பதைவிட ‘இணையான ஊதியம்’ என்பதே தெளிவு. ‘நிகர ஊதியம்’ என்று எழுதினால், பிடித்தம் போகக் கைக்கு வரும் தொகை என்றாகிவிடும்.